மாநாடு, கருவி, சான்றிதழ்: ஓர் உடற்பயிற்சியாளர் எதற்குச் செலவு செய்யலாம்?

கோயம்புத்தூரில் ஒரு ஜிம்மில் ஆறு ஆண்டுகளாகத் தனிநபர் பயிற்சியாளராக இருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது; அதைக் கொண்டு ஜெர்மனியில் நடக்கும் ஃபிபோ கண்காட்சிக்குப் போய்வரலாமா, உடற்கொழுப்பைக் காட்டும் கருவி ஒன்றை வாங்கிப் போடலாமா, அல்லது இன்னொரு சான்றிதழ் படிப்பில் சேரலாமா? இவற்றில் எது தொழிலில் தன்னை மேலே கொண்டுபோகும்?

மூன்றையும் ஒரே அளவுகோலால் பார்த்துவிடலாம். இந்தச் செலவைச் செய்து முடித்த பிறகு, மறுநாள் காலை ஆறு மணிக்கு உங்கள் முன் வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சியில் எந்த முடிவு மாறும்? எடை கூட்டுவதா குறைப்பதா, இன்று ஸ்குவாட் செய்ய விடுவதா வேண்டாமா, மருத்துவரிடம் அனுப்புவதா என்பது போன்ற முடிவுகளில் ஒன்றாவது மாறும் என்றால் பணம் உருப்படியாகச் செலவாகிறது என்று பொருள். அப்படி எதுவும் மாறப்போவதில்லை என்றால் அது சுற்றுலாவாகவோ விளம்பரமாகவோ இருக்கலாம். அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு, ஆனால் அவற்றை வேறு கணக்கில்தான் எழுத வேண்டும்.

மாநாடு என்று பொதுவாகச் சொன்னாலும், இந்தத் துறையில் அந்தப் பெயரில் நடப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரியங்கள். 1985இல் தொடங்கி, இப்போது கொலோன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிபோ, அடிப்படையில் ஒரு வணிகச் சந்தை. டிரெட்மில் தயாரிப்பாளர்கள், தரைவிரிப்பு விற்பவர்கள், புரத மாவு நிறுவனங்கள், ஜிம் நிர்வாக மென்பொருள் விற்பவர்கள் எனப் பல அரங்குகளை அவர்கள் நிறைத்திருப்பார்கள். அவர்கள் தேடுவது ஜிம் உரிமையாளர்களையும் விநியோகஸ்தர்களையும்தான். நூறு இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவருக்கு அங்கே ஓரிடத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து விலை பேச முடிகிறது. மாதச் சம்பளமும் தனிப்பயிற்சிக் கட்டணமும் மட்டுமே வருமானமாக உள்ள ஒருவர் அங்கே போனால் கால் வலிக்க நடந்து, பை நிறைய விளம்பரத் தாள்களுடன் திரும்புவார். நம் நாட்டில் மும்பையிலும் டெல்லியிலும் நடக்கும் உடற்கட்டுக் கண்காட்சிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். மேடையில் போட்டி, கீழே சப்ளிமென்ட் ஸ்டால்கள், நடுவே புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம்.

இரண்டாவது வகை, பயிற்சியாளர்களுக்காகவே நடத்தப்படும் கற்றல் கூட்டங்கள். 1982இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐடியா அமைப்பு நடத்தும் மாநாடும், 1978இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் உருவான என்எஸ்சிஏ, அதாவது வலிமைப் பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம், நடத்தும் மாநாடும் இந்த வகையில் அடங்கும். இவற்றில் உரையைக் கேட்ட கையோடு தரையில் இறங்கிச் செய்து பார்க்கும் அமர்வுகள் இருக்கும். ஒரு மூத்த பயிற்சியாளர் இன்னொருவரின் டெட்லிஃப்டை எப்படிப் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், எத்தனை வார்த்தைகளில் திருத்துகிறார் என்பதை மூன்றடி தூரத்தில் நின்று காண்பது எந்தக் காணொளியிலும் கிடைக்காது. என் கருத்தில், வெளியூர்ப் பயணத்துக்குப் பணம் செலவழிக்கத் தகுந்த காரணம் இது ஒன்றுதான். உரைகளை மட்டும் கேட்க வேண்டுமென்றால் பதிவுகளை வாங்கி வீட்டிலேயே கேட்கலாம்.

மூன்றாவது, ஆய்வாளர்களின் கூட்டம். 1954இல் நிறுவப்பட்ட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் (பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இது ஒரு தொழில்முறைச் சங்கம்) ஆண்டுக் கூட்டம் இதற்கு நல்ல உதாரணம். மருத்துவர்கள், உடலியங்கியல் ஆய்வாளர்கள், முனைவர் பட்ட மாணவர்கள் ஆகியோர் தங்கள் முடிவுகளைச் சுவரொட்டிகளாக ஒட்டிவைத்து அருகில் நிற்பார்கள். ஆர்வமுள்ள பயிற்சியாளருக்கு இது ஒரு விருந்து என்றாலும் ஓர் எச்சரிக்கை தேவை: அந்தச் சுவரொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் சுருக்கங்கள், முழுக் கட்டுரையாகி மற்ற நிபுணர்களின் சரிபார்ப்பைக் கடந்து வந்தவை அல்ல. அவற்றில் ஒரு பகுதி கட்டுரையாக வெளிவருவதே இல்லை. ஒரு சுவரொட்டியைக் கைபேசியில் படம் எடுத்து வந்து, அடுத்த வாரமே வாடிக்கையாளரின் பயிற்சித் திட்டத்தை மாற்றுவது அவசரம்.

எந்த வகைக்குப் போனாலும், கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். அந்தக் கேள்விகள் உங்கள் ஜிம் தரையிலிருந்தே வர வேண்டும். கோயம்புத்தூரில் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ முட்டி வலியோ உள்ளவர்கள். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் 2023இல் மதிப்பிட்டது. ஆகவே உங்கள் கேள்விகள் இப்படித்தான் இருக்கும்: இன்சுலின் போட்டுக்கொள்பவர் காலையில் வெறும் வயிற்றில் வந்தால் என்ன செய்வது? விழித்திரை பாதிப்பு முற்றியவருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடை தூக்குவது ஏன் ஆபத்து, அதற்கு மாற்று என்ன? பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரை ஓட விடலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லும் ஓர் அமர்வு, பின்தொடைத் தசையைச் செதுக்கும் பத்து புதிய அசைவுகள் பற்றிய அமர்வைவிட உங்கள் தொழிலுக்குப் பல மடங்கு மதிப்புள்ளது. ஆனால் அரங்கு நிரம்பி வழிவது இரண்டாவதில்தான்.

இப்போது எல்லாக் கூட்டங்களிலும் பேசப்படுவது உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், உடல் எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசி அடங்கி எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது. அதனால் இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவருக்கு வலிமைப் பயிற்சியும் போதிய புரதமும் முன்னைவிட அதிகம் தேவைப்படுகின்றன. மருந்தின் அளவைப் பற்றிப் பேசுவது மருத்துவரின் வேலை. குறைவாகச் சாப்பிட்டு, சில நாட்களில் குமட்டலுடன் வரும் ஒருவருக்கு எத்தனை செட், எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பயிற்சியாளரைத் தேடி மருத்துவர்களே ஆள் அனுப்பும் காலம் வந்துவிட்டது என்பதால், இந்தத் தலைப்பில் நடக்கும் அமர்வு எதையும், அது உள்ளூர் மருத்துவமனை நடத்துவதாக இருந்தாலும், தவற விடாதீர்கள்.

பேச்சாளர் ஒருவர் ஓர் ஆய்வைக் காட்டினால், அது யார் மீது செய்யப்பட்டது, எதனுடன் ஒப்பிடப்பட்டது, வித்தியாசம் எவ்வளவு, பணம் யாருடையது என்று கேட்டுவிடுங்கள். ஒப்பீடுதான் பலரும் கவனிக்காத இடம். அதிரும் பலகையின் மேல் நின்று பயிற்சி செய்தவர்களின் கால் வலிமை கூடியது என்பார்கள். ஒப்பிடப்பட்ட குழுவோ ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்திருக்கும். ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் படிக்கட்டு ஏறுவதுகூடப் புரட்சிகரமான பயிற்சியாகத் தெரியும். அதேபோல், தசையின் மின் சமிக்ஞை ஓர் அசைவில் அதிகமாகப் பதிவாகிறது என்ற வரைபடத்தைக் காட்டி, ஆகவே அந்த அசைவு தசையை அதிகம் வளர்க்கும் என்பார்கள். சமிக்ஞையின் அளவு வேறு, சில மாதங்களில் நடக்கும் தசை வளர்ச்சி வேறு. இரண்டாவதை அளக்காமல் முதலாவதிலிருந்து முடிவுக்கு வருவது வழக்கமான தாவல்.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய அமைப்புகளின் சான்றிதழ்களைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி நேரம் காட்ட வேண்டும். ஏஸ் எனப்படும் அமெரிக்க உடற்பயிற்சிக் கழகத்தின் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 மணி நேரம், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பயிற்சியாளர் சான்றிதழுக்கு மூன்று ஆண்டுகளில் 45 நேரப் புள்ளிகள். மாநாடுகளுக்குக் கூட்டம் சேர்வதற்கு இந்தப் புள்ளிகளும் ஒரு காரணம். ஏற்கெனவே தரமான சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், அதே அளவிலான இன்னொன்றை வாங்குவது சுவரில் மாட்டும் சட்டங்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். முதியோர், நீரிழிவு, பிரசவத்துக்குப் பிந்தைய பெண்கள் என்று ஏதேனும் ஒரு பிரிவில் ஆழமாகப் போகும் படிப்பாக இருந்தால் சேருங்கள். இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டிய முதலுதவிப் பயிற்சியைக் காலாவதியாக விட்டுவிட்டு மற்றவற்றைத் துரத்துபவர்களையும் பார்க்கிறேன். அது முதலில் புதுப்பிக்கப்பட வேண்டியது.

கருவிகளுக்கு வருவோம். நீங்கள் வாங்க நினைக்கும் உடற்கொழுப்புக் கருவியின் விலை சில லட்சம் ரூபாய் என்பதால், அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை விரிவாகவே பார்க்கலாம். அந்தக் கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. கைப்பிடியிலும் பாதத்தட்டிலும் உள்ள மின்முனைகள் வழியாக மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் அதற்குக் காட்டும் தடையை அளக்கிறது. தசையில் நீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு என்பதால் தடை அதிகம். அந்தத் தடையிலிருந்து உடலின் மொத்த நீரைச் சமன்பாடுகளால் கணித்து, கொழுப்பல்லாத திசுவில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தை வைத்து அந்தத் திசுவின் எடையைக் கணித்து, மொத்த எடையில் அதைக் கழித்து, மிஞ்சுவதைக் கொழுப்பு என்று அச்சிட்டுத் தருகிறது. ஆக, நீரைப் பாதிக்கும் எதுவும் கொழுப்பின் எண்ணைப் பாதிக்கும்.

இதை விற்பனையாளரின் ஸ்டாலிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முறை ஏறி நின்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே மறுபடியும் ஏறி நில்லுங்கள். எடை அரைக் கிலோ கூடியிருக்கும். ஆனால் வயிற்றில் இப்போதுதான் விழுந்த தண்ணீர், கையிலும் காலிலும் ஓடும் மின்னோட்டத்தின் தடையை அந்த நேரத்துக்குள் பெரிதாக மாற்றாது. ஆகவே கூடிய எடையைக் கருவி பெரும்பாலும் கொழுப்பின் பக்கத்தில் சேர்த்துவிடும். தண்ணீர் குடித்துக் கொழுப்பு ஏறியவர் உலகில் கிடையாது என்பது விற்பனையாளருக்கும் தெரியும். இந்தச் சோதனையைச் செய்யும்போது அவர் முகத்தைப் பார்ப்பதும் ஒரு கல்விதான். மாலையில் பயிற்சி முடித்து வியர்த்து நிற்பவரை அளந்து, போன மாதம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, தசை கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ அவரிடம் சொல்வதில் பொருளே இல்லை. அதே கருவி, அதே நேரம், சாப்பிடாமல், சிறுநீர் கழித்த பிறகு, பயிற்சிக்கு முன்பு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற ஒழுங்கில் அளந்தால் போக்கு எந்தப் பக்கம் என்பதை அது காட்டும். அந்த ஒழுங்கை உங்கள் ஜிம்மில் கடைப்பிடிக்க முடியாது என்றால் வாங்க வேண்டாம்.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி ஆண்டுதோறும் வெளியிடும் போக்குகளின் பட்டியலில் 2016 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் உடலில் அணியும் கருவிகளே முதலிடத்தில் இருக்கின்றன. அதனால் நீங்கள் வாங்காவிட்டாலும் வாடிக்கையாளர் கட்டிக்கொண்டு வருவார், காட்டிக் கேள்வியும் கேட்பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பை அவற்றில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. எரித்த கலோரியில் மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதன் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், கடிகாரம் 600 கலோரி எரித்ததாகச் சொல்கிறது, ஆகவே ஒரு பிரியாணி சாப்பிடலாமா என்று கேட்பவரிடம் துடிப்பை நம்பலாம், கலோரியை நம்பி இலை போட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வு இன்றும் பயன்படுகிறது. கெட்டில்பெல் போன்றவற்றை இறுகப் பிடித்துச் செய்யும் பயிற்சியில் மணிக்கட்டின் ஒளி உணரி தடுமாறும். மார்பில் கட்டும் பட்டை மின் சமிக்ஞையைப் படிப்பதால் அங்கே நம்பகமானது, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்.

துடிப்பைத் துல்லியமாக அளந்துவிட்டு, அதை, ஒருவரின் அதிகபட்சத் துடிப்பு இதுதான் என்று 220இலிருந்து வயதைக் கழித்துக் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டால் அளந்த பயன் போய்விடுகிறது. அந்தச் சூத்திரம் 1971இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அதற்கென்று முறையாக வடிவமைத்த ஆய்வு எதுவும் நடக்கவில்லை. 2001இல் டனாகாவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரத்தைத் தந்தார்கள். நாற்பது வயதில் இரண்டும் 180தான். அறுபது வயதில் பழையது 160 என்றும் புதியது 166 என்றும் சொல்லும். எந்தச் சூத்திரமானாலும் ஒரே வயதுடைய இருவரிடையே 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது இயல்பு. இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவரின் துடிப்பு எவ்வளவு உழைத்தாலும் முழுதாக ஏறாது. அவரைப் பார்த்து இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று விரட்டுவது ஆபத்து. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கிய, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று கேட்கும் 6 முதல் 20 வரையிலான அளவுகோல் இவருக்குப் பொருந்தும். ஒரு காசு செலவில்லை.

உங்கள் பணத்துக்கு என் பரிந்துரையும் அந்தத் திசையில்தான். கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி ஒன்று, நல்ல இரத்த அழுத்தமானி ஒன்று, அளவு நாடா, பிடியில்லாத நாற்காலி, நிறுத்துக் கடிகாரம். பதினேழு நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ப்யூர் ஆய்வில், பிடி வலிமை 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவது காணப்பட்டது. இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று. தசை இழப்பைக் கண்டறிய ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த பிடி வலிமையின் கீழ் எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் ஓர் எச்சரிக்கை. அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவரிடம் கொழுப்புச் சதவீதத்தைச் சொன்னால் சங்கடப்படுவார். முதல் மாதம் 15 வினாடி எடுத்த நீங்கள் இன்று 11 வினாடியில் எழுந்துவிட்டீர்கள் என்று காட்டினால், மறுநாள் தன் அக்காவையும் அழைத்து வருவார். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது நம் மக்களுக்குப் பொருந்தும் எச்சரிக்கை எல்லை. அதற்கும் நாடா போதும். அமர்ந்திருக்கும்போதே அழுத்தம் 180க்கு 110 என்ற அளவைத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவர்தான் என்ற முடிவை இரண்டாயிரம் ரூபாய்க் கருவி ஒன்று எடுக்க வைக்கிறது. நான் ஆரம்பத்தில் சொன்ன அளவுகோலில் இதைவிட அதிக மதிப்பெண் பெறும் பொருள் ஜிம்மில் வேறில்லை.

பார்பெல்லின் வேகத்தை அளக்கும் கருவிகள் மாவட்ட, மாநில அளவில் ஆடும் வீரர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு நல்லவை. ஒரு செட்டில் வேகம் குறிப்பிட்ட அளவு சரிந்ததும் நிறுத்திவிடலாம் என்பதால் சோர்வைக் கட்டுப்படுத்த முடிகிறது. உங்கள் வாடிக்கையாளர்களில் அப்படி யாரும் இல்லையென்றால் அதைக் கடந்துவிடலாம்.

பயிற்சித் திட்டம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நான் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். நான்கு நாள் திட்டத்தின் முதல் வரைவு, வீட்டில் செய்ய வேண்டியவற்றைத் தமிழில் எழுதி அனுப்பும் செய்தி, மாதாந்திர வருகைப் பதிவு ஆகியவற்றில் நேரம் மிச்சமாகும். ஆனால் வலது தோளைத் தூக்கும்போது அவர் முகம் சுளித்ததை அந்தச் செயலி பார்க்கவில்லை. இன்னொன்று, வாடிக்கையாளரின் சர்க்கரை அளவு, மருந்துப் பட்டியல், உடல் புகைப்படம் ஆகியவற்றை அவர் பெயரோடு ஏதோ ஓர் இலவசச் செயலியில் ஏற்றிவிடுவது இன்று சாதாரணமாக நடக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது; எதைச் சேமிக்கிறோம், எதற்கு என்று எழுதி ஒப்புதல் வாங்கும் ஒரு பக்கப் படிவத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்து, மேலே சொன்ன சிறு கருவிகளை வாங்குங்கள். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் சேமிப்பில் பெரிய ஓட்டை விழாது. அடுத்து, நீரிழிவு அல்லது முதியோர் பயிற்சியில் ஒரு தனிப்படிப்பு. பயணம் என்று பார்த்தால் சென்னை வரை வந்தாலே போதும்: 1920இல் தொடங்கிய நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ வளாகத்தின் விளையாட்டு அறிவியல் மையம் ஆகியவற்றின் கருத்தரங்க அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். வெளிநாட்டுக்கு விசா எடுத்துப் போவதைவிட, ஒரு விளையாட்டு மருத்துவரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் உங்கள் கைபேசி எண்ணை வைத்திருப்பது இப்போதைக்கு உங்களுக்கு அதிகம் உதவும். அந்த அறிமுகம் இத்தகைய கூட்டங்களின் தேநீர் இடைவேளையில்தான் கிடைக்கும். போய்வந்த பின் கற்றவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று வாடிக்கையாளர்களிடம் எட்டு வாரம் செய்து, முன்னும் பின்னும் அளந்து குறித்துவையுங்கள்; பத்தையும் ஒரே திங்கட்கிழமையில் புகுத்தினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. கொலோன் பயணத்தை, சொந்தமாக ஜிம் வைத்து இயந்திரங்களுக்கு விலை விசாரிக்கும் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அப்போது கடைசி நாள் வரை இருந்து, காட்சிக்கு வைத்த இயந்திரங்களைத் தள்ளுபடியில் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.